ஆறு குறில், ஒரு நெடில்

கரையிலிருந்து பார்க்கும்போது அது ஒரு பொட்டு. அலை ஏறினால் தெரியும், இறங்கினால் மறையும். எழுத்தில் மிதவை என்போம். கடற்கரைப் பேச்சில் போயா. துறைமுக முற்றம் ஒன்றில், வண்ணம் பூசுவதற்காகக் கரையேற்றிச் சாய்த்து வைத்திருந்த போயாவை அருகில் போய்ப் பார்த்தபோதுதான் அதன் உடம்பு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது. ஓர் ஆளின் தோளில் இன்னோர் ஆள் ஏறி நின்றாலும் உச்சி விளக்கைத் தொட முடியாது. நாம் கரையிலிருந்து பார்ப்பது தலையும் கழுத்தும் மட்டும். தண்ணீருக்குள் வயிறு இருக்கிறது, வயிற்றுக்குக் கீழே நிமிர்ந்து நிற்பதற்காக எடை வைத்த வால் இருக்கிறது. வயிறு முழுக்க, ஒட்டியிருந்த கொட்டலசுகளைச் சுரண்டியெடுத்த வட்ட வட்டத் தழும்புகள்.

பக்கத்தில் அதன் சங்கிலி குவிந்து கிடந்தது. முதலில் பழைய இரும்பு என்று தாண்டப் பார்த்தேன். பிறகுதான் கண்ணிகள் ஒரே தடிமனில் இல்லை என்பது கண்ணில் பட்டது. போயாவோடு சேரும் மேல்முனையில் கண்ணிகள் பருமனாகவே இருந்தன. கடலடியில் கான்கிரீட் பாரத்தோடு சேரும் முனையிலும் அப்படியே. நடுவில் ஒரு பகுதி மட்டும் எலும்பாகத் தேய்ந்திருந்தது. போயா அலையில் ஏறும்போது மணலை விட்டு எழும்பி, இறங்கும்போது மறுபடி மணலில் படுக்கும் பகுதி அது. ஒவ்வோர் அலைக்கும் ஒருமுறை தரையில் உரசுகிறது. ஆழத்தைவிட நீளமாகத்தான் சங்கிலியை விடுவார்கள். இறுக்கமாகக் கட்டினால் பெரிய அலையில் ஒன்று சங்கிலி அறும், இல்லையென்றால் பாரம் பெயரும். அந்த நெகிழ்வுக்குக் கொடுக்கும் விலை இந்தத் தேய்மானம். மேலே ஆடுகிற ஆட்டமெல்லாம் கீழே ஒரே இடத்தில் பதிவாகியிருந்தது.

வண்ணம் பூசிக்கொண்டிருந்த பெரியவர் மேலே கறுப்பும் கீழே மஞ்சளும் அடித்திருந்தார். இரண்டும் சேரும் கோட்டை நூல் பிடித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கறுப்புக் கூம்புகள். நான் அவற்றை அண்ணாந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “கறுப்பு எங்க இருக்குன்னு பாருங்க சார். கூம்பு அங்கதான் கைகாட்டும்” என்றார். இரண்டு கூம்புகளும் மேல்நோக்கியிருந்தன, கறுப்பும் மேலேதான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் வீட்டுக்குப் போகும் வழியில் நானே வரைந்துவிட்டேன்.

பாறையோ மணல்திட்டோ இருக்கும் இடத்தைச் சுற்றி வைக்கும் திசைப் போயாக்கள் நான்கு வகை. ஒன்றின் பெயர் வடக்கு என்றால், என் வடக்கால் போ, ஆபத்து எனக்குத் தெற்கே இருக்கிறது என்று பொருள். ஆபத்தின் பெயரை அது சுமக்கவில்லை, வழியின் பெயரைச் சுமக்கிறது. நம் காற்றுகளின் பெயர் இதற்கு நேர்மாறு. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. காற்றுக்கு வந்த திசையால் பெயர், போயாவுக்குப் போகவேண்டிய திசையால் பெயர்.

வடக்குக்குக் கூம்புகள் இரண்டும் மேல்நோக்கும். தெற்குக்கு இரண்டும் கீழ்நோக்கும், கறுப்பும் கீழே இறங்கிவிடும். இங்கே தமிழன் ஒருவன் தடுமாறலாம். நம் மொழியில் மேல் என்பதிலிருந்து வருவது மேற்கு. கீழ் என்பதிலிருந்து வருவது கிழக்கு. மலை மேற்கே, கடல் கிழக்கே என்று நிலத்தின் சரிவைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நாம். மேல்நோக்கிய இரண்டு கூம்புகளைப் பார்த்து ‘மேற்கு’ என்று நினைப்பதில் சோழமண்டலக் கரைக்காரனுக்கு ஒரு நியாயம் உண்டு. போயா பேசுவது நிலத்தின் மொழியை அல்ல, கடல் வரைபடத்தின் மொழியை. அதில் தாளின் மேல்விளிம்புதான் வடக்கு.

மற்ற இரண்டு இன்னும் அழகு. கிழக்குக்கு மேல்கூம்பு மேலேயும் கீழ்க்கூம்பு கீழேயும் பார்க்கும். அடிகள் இரண்டும் நடுவில் எதிரெதிரே இருக்கும். எனவே கறுப்பு உச்சியிலும் அடியிலும், மஞ்சள் நடுவில். மேற்குக்குக் கூம்பு முனைகள் நடுவில் சந்திக்கும். கறுப்பு இடையில் மட்டும், மேலும் கீழும் மஞ்சள். ஆங்கிலம் பேசும் மாலுமிகள் இந்த இரண்டையும் தங்கள் எழுத்துகளை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு எழுத்தே வேண்டாம். நடுப் பருத்தால் மத்தளம், அது கிழக்கு. இடை சிறுத்தால் உடுக்கை, அது மேற்கு. ஒருமுறை இப்படிப் பார்த்துவிட்டால் பிறகு கூம்பே கண்ணுக்குத் தெரியாது, உடுக்கைதான் தெரியும்.

நிறத்துக்கும் வடிவத்துக்கும் உள்ள இந்த எதுகையை நான் ரசிக்கக் காரணம், அது அழகுக்காகச் செய்யப்பட்டது இல்லை என்பதுதான். கூம்பு உடைந்து விழுந்துவிட்டால் நிறம் சொல்லும். சூரியன் பின்னால் நின்று நிறமெல்லாம் ஒரே கருநிழலாகிவிட்டால் கூம்பு சொல்லும். இரண்டும் தெரியாத இரவில் விளக்கு சொல்லும். அந்த விளக்கிலும் ஒரு கடிகாரத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள். கிழக்கு, மூன்று மணி: விரைந்த வெள்ளை மின்னல் மூன்று. தெற்கு, ஆறு மணி: ஆறு மின்னல். மேற்கு, ஒன்பது மணி: ஒன்பது. வடக்கு பன்னிரண்டு. அதை எண்ணச் சொல்லிச் சோதிக்கவில்லை. இடைவிடாமல் மின்னிக்கொண்டே இருக்கும்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது தெற்குதான். தளும்பும் படகில் நின்று விரைவாக மின்னும் விளக்கை எண்ணிப் பாருங்கள். நடுவில் ஓர் அலை எழுந்து இரண்டை விழுங்கிவிடும். ஆறா, ஒன்பதா? மூன்றைப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தவறவிட்டோமா? இந்தச் சந்தேகத்தை முன்கூட்டியே யோசித்த யாரோ, ஆறு குறுமின்னலுக்குப் பின்னால் ஒரு நீள்மின்னலைச் சேர்த்திருக்கிறார்கள். குறைந்தது இரண்டு விநாடி நீளம். எண்ணிக்கை தவறினாலும் அந்த நீளம் காட்டிக்கொடுத்துவிடும். கிழக்கும் மேற்கும் அப்படி முடிவதில்லை. ஆறு குறில், ஒரு நெடில். 15 விநாடிக்கு ஒருமுறை இந்த அடி திரும்ப வரும்.

யாப்பு கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு விருந்து உண்டு. துறைமுகத்துக்கு வரும் கப்பல் கடலில் முதலில் சந்திப்பது பெரும்பாலும் சிவப்பும் வெள்ளையும் நெடுக்குப் பட்டையாக அடித்த ஒரு போயா. திசைப் போயாக்களில் பட்டைகள் குறுக்கே ஓடும். இதில் மேலிருந்து கீழாக, பழைய ஐஸ்கிரீம் வண்டிக் குடை மாதிரி. உச்சியில் ஒற்றைச் சிவப்புப் பந்து. என்னைச் சுற்றி எங்கும் நல்ல தண்ணீர்தான் என்பது அதன் செய்தி. இந்த ஒன்றுக்கு அனுமதித்த ஒளி வகைகளில் ஒன்று மோர்ஸ் முறையில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து: ஒரு குறுமின்னல், ஒரு நீள்மின்னல். குறிலும் நெடிலும் சேர்ந்தால் நிரையசை. வாய்விட்டுச் சொன்னால் ‘நிலா’. ராத்திரி முழுக்க யாருமில்லாத தண்ணீரில் அது ‘நிலா, நிலா’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. மோர்ஸுக்கு இது தெரியாது.

ஆபத்தின் தலைமேலேயே நிற்கும் ஒரு வகையும் உண்டு. சுற்றிலும் ஆழமாக இருந்து, நடுவில் தனியாக ஒரு பாறை இருந்தால் கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று பூசிய குறியை அதன்மேல் நிறுத்துவார்கள். உச்சியில் இரண்டு கறுப்புப் பந்துகள். விளக்கும் இரண்டிரண்டாக மின்னும். பகலில் பந்தை எண்ணு, இரவில் மின்னலை எண்ணு, கணக்கு ஒன்றே.

வாய்க்காலின் இரு கரையையும் காட்டும் சிவப்பு, பச்சைப் போயாக்களைத்தான் எல்லோருக்கும் தெரியும். கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. வெளியே போகும்போது மாறிவிடும். ஆக, இந்த விதியில் நிற்பவன் எப்போதும் வீடு திரும்புகிறவன். துறைமுகமே இல்லாத நெடுங்கடற்கரையில் உள்ளே எது, வெளியே எது? அதற்கும் ஒரு விடை வைத்திருக்கிறார்கள்: பொதுவாகக் கண்டங்களைக் கடிகாரச் சுற்றில் சுற்றுவதாக வைத்துக்கொள். கோயிலை வலம் வருகிறவனுக்குச் சந்நிதி எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும். கப்பலுக்கும் அப்படியே, நிலம் வலப்பக்கம், பச்சையும் வலப்பக்கம்.

நம் கடலில் அப்படி. அமெரிக்கக் கண்டங்களிலும் ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ் கடல்களிலும் நேர் எதிர். அங்கே உள்ளே வரும்போது சிவப்பு வலப்பக்கம். இதைக் கேட்டதும் முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு ஒன்றைக் கவனித்தேன். நிறம் மாறினாலும் வடிவம் மாறவில்லை. உலகத்தின் எந்தக் கடலிலும் இடப்பக்கத்துக் குறி தட்டைத்தலை டப்பா, வலப்பக்கத்துக் குறி கூர்தலைக் கூம்பு. சண்டை போட்டவர்கள் நிறத்துக்குத்தான் போட்டார்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண்ணுக்கு அந்தச் சண்டையே கிடையாது.

சண்டை நீண்டது. 1936இல் ஜெனீவாவில் ஒரு பொது உடன்படிக்கை எழுதப்பட்டு, போர் வந்ததால் நடைமுறைக்கு வராமல் போனது. 1976 வாக்கில் உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட போயா முறைகள் புழங்கின. ஒன்றுக்கொன்று முரணானவையும் அவற்றில் இருந்தன. அவசரம் என்ன என்று எல்லோருக்கும் உறைக்க வைத்தது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள டோவர் நீரிணை. 1971 ஜனவரி 11 அன்று ‘டெக்சாகோ கரீபியன்’ என்ற எண்ணெய்க் கப்பலும் ‘பராகாஸ்’ என்ற சரக்குக் கப்பலும் அங்கே மோதின. எண்ணெய்க் கப்பல் வெடித்து உடைந்து மூழ்கியது. மறுநாள் ‘பிராண்டன்பர்க்’ அந்தச் சிதிலத்தில் மோதி மூழ்கியது. அந்த இடத்தைச் சுற்றிக் குறிகளை வைத்தார்கள். பிப்ரவரி 27 அன்று ‘நிக்கி’ என்ற கிரேக்கக் கப்பல் அந்தக் குறிகளை மீறி வந்து மோதியது; அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. குறி இல்லாததால் நிக்கி மூழ்கவில்லை. குறி இருந்தது, அது என்ன சொல்கிறது என்று பார்த்தவுடன் விளங்கும்படி இல்லை. அதன் பிறகுதான் கலங்கரை விளக்க அதிகாரிகளின் பன்னாட்டுச் சங்கம் வேலையை வேகப்படுத்தியது. 1980 நவம்பரில் டோக்கியோவில் 50 நாடுகள் கூடி, நிறத்துக்கு மட்டும் இரண்டு வட்டாரம், மற்றதெல்லாம் ஒன்றே என்று முடித்தன. மத்தளமும் உடுக்கையும் அன்றிலிருந்து உலகத்துக்குப் பொது.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2002 டிசம்பர் 14, அதே ஆங்கிலக் கால்வாய்ப் பகுதி. 2,862 புதுக் கார்களோடு போன ‘டிரைகலர்’ என்ற கப்பல் மூடுபனியில் இன்னொரு கப்பலோடு மோதிச் சாய்ந்து மூழ்கியது. காவலுக்குக் கப்பல்களை நிறுத்தினார்கள், மிதவைகளை இட்டார்கள். இரண்டு நாளில் ‘நிக்கோலா’ வந்து மோதியது. புத்தாண்டு அன்று ‘விக்கி’ வந்து மோதியது. இம்முறை உயிர்கள் தப்பின. புதிதாக மூழ்கிய கப்பல் எந்த வரைபடத்திலும் இல்லை. அதைக் காட்ட வைத்த போயாவோ, வழக்கமாகப் பார்க்கிற போயாக்களில் இன்னொன்றாகத்தான் தெரிந்தது. எனவே 2006இல் இந்தப் பொது முறையில் அதுவரை இல்லாத ஒரு நிறத்தை எடுத்தார்கள்: நீலம். நீலமும் மஞ்சளும் நெடுக்குப் பட்டைகளாக, உச்சியில் மஞ்சள் சிலுவை. விளக்கு ஒரு விநாடி நீலம், அரை விநாடி இருள், ஒரு விநாடி மஞ்சள், அரை விநாடி இருள். வேறெந்தப் போயாவும் இப்படி இரண்டு நிறத்தை மாற்றி மாற்றிக் காட்டுவதில்லை. கடலிலேயே நீலத்தை அடையாளமாக வைப்பது விசித்திரம் என்று தோன்றும். பகலில் அந்த நீலத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது பக்கத்திலிருக்கும் மஞ்சள்தான்.

விளக்கைப் பற்றிப் பேசிவிட்டு குஸ்தாவ் டாலேனைச் சொல்லாமல் போக மனமில்லை. சூரியத்தகடும் எல்.இ.டி.யும் வருவதற்கு முன்பு போயாவின் வயிற்றில் அசிட்டிலீன் வாயு இருந்தது. ராப்பகலாக எரிந்தால் வாயு சீக்கிரம் தீரும். தீர்ந்தால் நடுக்கடலுக்குப் படகு போகவேண்டும். சுவீடன்காரரான டாலேன் வாயுவைச் சிறு சிறு மடக்குகளாக விட்டு விளக்கை மின்ன வைத்தார். அதற்குமேல், பகலில் விளக்கைத் தானாக அணைக்கும் ஓர் அடைப்பையும் செய்தார். அதில் மின்சாரம் இல்லை, கடிகாரம் இல்லை. நான்கு உலோகத் தண்டுகள் மட்டும். மூன்று பளபளப்பானவை, நடுவில் ஒன்று கறுப்பு. வெளிச்சம் பட்டால் கறுப்புத் தண்டு மற்றவற்றைவிடச் சூடேறி மயிரிழை நீள்கிறது. அந்த மயிரிழை போதும், வாயு அடைபடும். பொழுது சாய்ந்தால் தண்டு சுருங்கும், விளக்கு எரியும். 1912ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இதற்குத்தான். பரிசுக் குறிப்பில் கலங்கரை விளக்கங்களோடு போயாக்களும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் அசிட்டிலீன் சோதனை ஒன்று வெடித்து டாலேனின் பார்வை போயிற்று. அவருக்குப் பதிலாகப் பரிசை வாங்கப் போனவர் அவருடைய சகோதரர். அவர் கண் மருத்துவர். டாலேன் 1937 வரை வாழ்ந்தார், தன் நிறுவனத்தைக் கடைசிவரை நடத்தினார். இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கறுப்புத் தண்டுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு அவர் இருளில் இருந்தார்.

கண்ணுக்கு எட்டாதபோது காது. சில போயாக்களில் மணி உண்டு. மணியைச் சுற்றி நாலைந்து நாக்குகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்றாவது அடிக்கும். இதில் எனக்கு ஒரு குறை. கெட்டியான மூடுபனி பல வேளை காற்றடங்கிய கடலில் படியும். மணி மிகத் தேவைப்படும் அந்த நேரத்தில் அலை இல்லாமல் மணி தூங்கும். ஊதல் போயா கொஞ்சம் கெட்டிக்காரன். அதன் அடியில் ஆழம்வரை இறங்கும் நீண்ட குழாய். மேலே கொந்தளித்தாலும் குழாய்க்குள் தண்ணீர் அவ்வளவாக அசையாது. போயா மட்டும் ஏறி இறங்கும். அதனால் குழாயின் மேற்பகுதிக் காற்று இழுபட்டும் அழுந்தியும் ஊதல் வழியாக மூச்சாக வெளியேறும். மெல்லிய ஏற்ற இறக்கத்துக்கும் அது முனகும். 1991இல் விழிஞ்ஞத்தில் சென்னை ஐ.ஐ.டி.யினர் அலையிலிருந்து மின்சாரம் எடுத்துப் பார்த்ததும் ஏறக்குறைய இந்த மூச்சை வைத்துத்தான்; அங்கே ஊதல் இருந்த இடத்தில் ஒரு சுழலி.

முழு மஞ்சளில் தனியாகத் தெரிபவை வழி சொல்வதில்லை. வங்காள விரிகுடாவில் சென்னையிலிருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் நிறுத்தியிருக்கும் தரவுப் போயாக்கள் அந்தச் சாதி. காற்று, அலை, நீரின் வெப்பம் என்று அளந்து அனுப்பிக்கொண்டிருப்பவை. அவற்றின் விளக்கு ஐந்தைந்தாக மின்னும். நிழல் விழும் இடத்தில் மீன் சேரும் என்பதால் மீனவர்களுக்கும் அவற்றின்மேல் ஒரு கண். படகைக் கொண்டுபோய்க் கட்டினால் கருவிக்குச் சேதம். மீனைத் தேடிப் போகிறவனிடம் மீன் கூடும் இடத்தைக் காட்டிவிட்டு அங்கே வராதே என்றால் அவன் என்ன செய்வான்!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். போயா எவ்வளவு சொன்னாலும், தன் இடத்தைப் பற்றி மட்டும் அது சொல்வதை முழுதாக நம்பக்கூடாது. நெகிழ்ந்த சங்கிலியில் கட்டியிருப்பதால் நீரோட்டத்துக்கு ஏற்ப அது ஒரு வட்டத்துக்குள் சுற்றும். புயலில் பாரத்தையே இழுத்துக்கொண்டு நகர்ந்திருக்கவும் கூடும். நம் கடற்கரைகளின் மீனவர்களுக்கு இது புதுச் செய்தியில்லை. கடலுக்குள் ஒரு பாரை, அதாவது பாறைத்திட்டை, மறுபடி கண்டுபிடிக்க அவர்கள் நம்புவது கரையில் அசையாமல் நிற்பவற்றை. கோயில் கோபுரமோ மாதாகோயில் உச்சியோ பின்னாலிருக்கும் மலையோடு ஒரே நேரில் வரவேண்டும். பக்கவாட்டில் இன்னொரு சோடி அதேபோல் நேராக வரவேண்டும். இரண்டு கோடும் வெட்டும் புள்ளியில்தான் அந்தப் பார். இப்போது இன்னும் ஒருபடி போய், தண்ணீரில் இரும்பே இல்லாமல் கப்பலின் திரையில் மட்டும் தெரியும் மின்னணுப் போயாக்களும் வந்துவிட்டன. சிதிலத்தைச் சுற்றி சில நிமிடத்தில் அவற்றை ‘இட்டுவிடலாம்’ என்கிறார்கள். டிரைகலர் காலத்தில் இருந்திருந்தால் உதவியிருக்கும். அவற்றில் கொட்டலசு ஒட்டாது, பறவை உட்காராது. எனக்கு அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் வரவில்லை.

முற்றத்தில் பார்த்த போயாவைத் திரும்பக் கடலில் இறக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு மாலை மணற்கரையில் போய் உட்கார்ந்தேன். பொழுது போனதும் கடல் முழுக்க வெளிச்சம். விசைப்படகுகள், நங்கூரமிட்ட கப்பல்கள், தூண்டில் வளைவுக்கு அப்பால் ஏதோ கட்டுமானம், கரை வளைந்து போகும் பக்கம் விடுதிகளின் பச்சையும் சிவப்புமான எழுத்துகள். நிறத்தைத் தேடி ஐந்து நிமிடம் வீணானது. பிறகு நிறத்தை விட்டுவிட்டுச் சந்தத்தைத் தேடினேன். விடுதி விளக்கு அணையவில்லை. படகு விளக்கு அலைக்கு மறைந்து மறைந்து வந்தது, அதில் ஒழுங்கில்லை. வலப்பக்கம் தள்ளி, நான் நினைத்த இடத்தைவிடத் தாழ்வாக, ஒரு சின்ன வெள்ளை நிறுத்தாமல் துடித்துக்கொண்டிருந்தது. எண்ணத் தொடங்கினேன். முப்பதைத் தாண்டியும் இடைவெளி வரவில்லை.

வடக்கு.